வடசீனத்துக் கம்பிக்கறிக் கடையில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் வடகிழக்கில், லியாவ்நிங் மாகாணத்தின் தலைநகரான ஷென்யாங்கில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நகரிலும், அதே மாகாணத்தின் தாலியன், ஜின்ஜோ நகரங்களிலும் மருத்துவம் படிக்க நம் ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாக வந்து இறங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். அதிலும், பொழுது சாய்ந்ததும் தெரு முழுக்கச் சீரகப் புகையைப் பரப்பும் கம்பிக்கறிக் கடைகளைப் பற்றி. வாசனை உள்ளே வா என்று இழுக்கும். மொழி தெரியாத தயக்கம் வாசலிலேயே நிறுத்திவிடும். பல பேருக்குத் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

கம்பிக்கறிக் கடையை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

சீன மொழியில் இந்தச் சமையலுக்கு ஷாவ்காவ் என்று பெயர். தணலில் சுட்டது என்று பொருள். கம்பியில் கோர்த்ததை ச்சுவான் என்பார்கள். பெய்ஜிங் பக்கத்து வாயில் அது ச்சுவார் ஆகிவிடும். அந்தச் சொல்லுக்குரிய எழுத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது: மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள், அவற்றைத் துளைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு கோடு. கம்பியில் இரண்டு கறித்துண்டு கோர்த்ததுபோலவே இருக்கும். இரவில் இந்த எழுத்து மட்டும் சிவப்பு விளக்கில் எரியும். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஷென்யாங்கில் வந்து இறங்கிய எனக்கு, முதலில் படிக்க வந்த எழுத்து இதுதான்.

இது சீனர்களின் சொந்தச் சாப்பாடா, வேறெங்கிருந்தாவது வந்ததா?

இரண்டும் உண்மை. ஷாண்டோங் மாகாணத்தில் கிடைத்த ஹான் அரச காலத்துக் கல்லறைச் சிற்பங்களில், ஒருவர் நீள அடுப்பின்மேல் கறிக்கம்பிகளை வைத்துச் சுடுவதையும் விசிறியால் தணலை ஊதுவதையும் செதுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை. இன்றைய கடைக்காரரும் நிற்பது அதே மாதிரி அடுப்புக்கு முன்னால்தான்.

ஆனால் இன்று வடசீனம் முழுக்கச் சாப்பிடும் சீரகம் தூவிய ஆட்டுக்கறிக் கம்பியை எல்லோருக்கும் பழக்கியவர்கள் மேற்கே ஷின்ஜியாங்கைச் சேர்ந்த உய்குர் மக்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் காவாப். நாம் சொல்லும் கபாப்பும் அதுவும் ஒரே சொல். 1980களில் தனியார் சிறுவணிகத்துக்கு வழி திறந்தபோது, உய்குர் வியாபாரிகள் நீள இரும்பு அடுப்புகளோடு பெய்ஜிங் முதலிய நகரங்களின் தெருக்களில் வந்து நின்றார்கள். அங்கிருந்து ஊருக்கு ஊர் கை மாறியது.

வடகிழக்கில் இது இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. ஷென்யாங்கின் தியேஷி பகுதி ஒருகாலத்தில் சீனக் கனரகத் தொழிலின் இதயம். 1990களில் அரசுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்து, தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்தார்கள். ஓர் இரும்பு அடுப்பு, ஒரு மூட்டைக் கரி, நாலு முக்காலி இருந்தால் தெருக்கடை போட்டுவிடலாம் என்று பலர் இறங்கினார்கள். சாப்பிட வந்தவர்கள் கையிலும் பணம் இல்லை. சதையெல்லாம் வழித்தெடுத்தபின் மிஞ்சும் கோழியின் எலும்புக்கூட்டை ஷென்யாங்காரர்கள் இத்தனை விரும்பிச் சாப்பிடுவது அந்த நாட்களின் எச்சம் என்று அங்கே வயதானவர்கள் சொல்வார்கள். ஜீ ஜியா என்று அதற்குப் பெயர். சுட்டும் தருவார்கள், பொரித்தும் தருவார்கள், காரம் போட்டுப் பிசைந்தும் தருவார்கள். ஷென்யாங் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

நம் சீரகமேதானா அது?

அதேதான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வரும். சீனத்தில் அதை ஸிரான் என்கிறார்கள். அந்தச் சொல் உய்குர் மொழியின் ஸிரே வழியாக வந்தது. அதற்கும் முந்தையது பாரசீகத்தின் ஸீரா. நம் சீரகமோ வடமொழியின் ஜீரக என்பதிலிருந்து வந்தது. ஜீரகவும் ஸீராவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆக, தென்கோடியில் ரசத்துக்கு இடிப்பதும் வடகோடியில் தணல்மேல் தூவுவதும் பொருளால் மட்டுமல்லாமல் பெயராலும் உறவு. முதன்முதலில் ஒரு கடைக்காரர் டப்பாவைக் காட்டி "ஸிரான்" என்றபோது, நான் "சீரகம்" என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு இரண்டு கம்பி கூடுதலாக வைத்தார்.

சீரகத்தோடு உப்பு, மிளகாய்த் தூள், எள் சேரும். சில கடைகளில் சுவையூட்டி உப்பும் சேர்ப்பார்கள். வேண்டாம் என்றால் "பியே ஃபாங் வேய்ஜிங்" என்று சொல்லுங்கள்.

எவ்வளவு ஆர்டர் செய்ய வேண்டும்? முதல்முறை போனபோது மேசை நிறைய வந்து பாதி வீணாகிவிட்டது.

எல்லோரும் செய்யும் தவறு இதுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

நம் ஓட்டல் பழக்கத்தில், உட்கார்ந்ததும் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறோம். கம்பிக்கறிக் கடை அப்படிப்பட்ட இடம் அல்ல. இங்கே சாப்பாடு சுற்றுச் சுற்றாக வரும். முதலில் பத்துக் கம்பி. அது தீரும்போது அடுத்த பத்து. நடுவில் பேச்சு, குடி, ஒரு பச்சை வெள்ளரிக்காய். மறுபடி பத்து. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இப்படியே போகும். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணம் இல்லை, ஆட்டுக் கொழுப்பும் காரணம். நல்ல கம்பியில் கறி, கறி, கொழுப்பு, கறி என்று மாற்றி மாற்றிக் கோர்த்திருப்பார்கள். தணலில் கொழுப்பு உருகி இரண்டு பக்கத்துக் கறியையும் நனைக்கிறது. அதனால்தான் அவ்வளவு சிறிய துண்டும் வறண்டுபோகாமல் இருக்கிறது. ஆனால் அந்தக் கொழுப்புக்கு ஆயுள் குறைவு. தட்டில் ஐந்து நிமிடம் கிடந்தால் மெழுகுபோல் வெள்ளையாக உறைந்து, அண்ணத்தில் ஒட்டும். நாற்பது கம்பியை ஒன்றாக வரவழைத்தால் முதல் பன்னிரண்டு அமிர்தம், மிச்சம் வீண்.

வடகிழக்கில் கம்பிகள் சிறியவை. ஒரு துண்டு சுண்டுவிரல் நுனியளவுதான். எனவே பசியோடு வருபவர் பதினைந்து இருபது கம்பி சாப்பிடுவது சாதாரணம். ஷின்ஜியாங் பாணிக் கடைகளில் ஹோங்லியோ என்னும் பாலைவனப் புதரின் குச்சியில் பெரிய துண்டுகளாகக் கோர்ப்பார்கள். அங்கே மூன்று நான்கே வயிற்றை நிரப்பிவிடும். முதல் சுற்று வந்து அளவைக் கண்ணால் பார்த்தபின் மேற்கொண்டு சொல்லுங்கள்.

முதல்முறை போகிறவர் எவற்றைச் சாப்பிடலாம்?

யாங்ரோ ச்சுவான், அதாவது ஆட்டுக்கறிக் கம்பி. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாக இருக்கும். அது சுமாரென்றால் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

அடுத்து கோழி இறக்கை, கோழிக் குருத்தெலும்பு, கோழியின் இருதயம். குருத்தெலும்பு கடிக்கும்போது நறுக்கென்று உடையும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிறது. உள்ளுறுப்புகள் சாப்பிடுகிறவராக இருந்தால் ஆட்டுக் குண்டிக்காயைக் கேளுங்கள், யாவ்ஸி என்று பெயர். சுற்றியிருக்கும் கொழுப்போடு சேர்த்துச் சுடுவார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக, நல்ல கைக்காரர் சுட்டால் வாடையே இருக்காது.

கறி மட்டுமே சாப்பிட்டால் திகட்டும். எனக்கு மிகவும் பிடித்தது சுட்ட கத்திரிக்காய். முழுக் காயைத் தணலில் வைத்து, தோல் கருகிச் சுருங்கியதும் நடுவே கீறித் திறந்து, இடித்த பூண்டை அள்ளிப் போட்டு, எண்ணெயும் மிளகாயும் விட்டு மறுபடி சூடேற்றுவார்கள். பூண்டு கொதித்துக் கத்திரிக்காயோடு கலக்கும். அதைச் சாப்ஸ்டிக்கால் நீளநீளமாகக் கிழித்துச் சாப்பிட வேண்டும். நம் கத்திரிக்காய்ச் சுட்ட கொத்சு தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கருகல் வாசனை போதும், ஊர் திரும்பியதுபோல் ஆகிவிடும்.

கடைசியில் மான்தோ. ஆவியில் வேகவைத்த உப்பில்லாத பன்னைத் தகடாக வெட்டி, கம்பியில் கோர்த்துச் சுடுவது. சீரகம், மிளகாய் தூவியும் தருவார்கள், சர்க்கரையோடும் தருவார்கள். சோறு இல்லாமல் சாப்பிட்ட நிறைவு வராது என்கிறவர்களுக்கு அதுதான் சோறு.

கம்பியிலிருந்து எப்படிச் சாப்பிடுவது? கையாலா, சாப்ஸ்டிக்காலா?

கையால். கம்பியைக் குறுக்காக வாயருகே பிடித்து, பல்லால் துண்டைக் கவ்வி, கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நேராக வாய்க்குள் விட்டால் நுனி தொண்டையைக் குத்தும். முதலில் நுனியைக் காகிதத்தால் துடைத்துக்கொள்ளுங்கள், கரி ஒட்டியிருக்கும்.

கம்பி இரும்பானால் இன்னொரு எச்சரிக்கை. கறி ஆறினாலும் இரும்பு ஆறாது. முதல் வாரத்திலேயே உதட்டோரம் ஒரு கோடு சுட்டுக்கொண்டு வரும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பற்கள் மட்டும் படட்டும், உதடு படக் கூடாது. கடைசி இரண்டு துண்டும் கைப்பக்கம் இறங்கியிருக்கும். அவற்றைச் சாப்ஸ்டிக்கால் மேலே தள்ளிவிட்டுச் சாப்பிடலாம்.

குச்சிகளைத் தரையில் போடாதீர்கள். மேசையில் அதற்கென்று ஒரு குவளை இருக்கும். சில கடைகளில் அந்தக் குச்சிகளை எண்ணித்தான் கணக்குப் போடுவார்கள்.

ஸிபோ நகரத்துக் கம்பிக்கறி என்று 2023இல் பெரிதாகப் பேசினார்களே, அதில் என்ன விசேஷம்?

ஸிபோ ஷாண்டோங் மாகாணத்தில் உள்ள பழைய தொழில் நகரம். அங்கே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குட்டிக் கரியடுப்பு உண்டு. கடைக்காரர் கம்பிகளை முக்கால் பதம் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். மீதியை நாமே நம் அடுப்பில் நம் பதத்துக்குச் சுட்டுக்கொள்ள வேண்டும். கடைசித் துண்டுவரை சூடு குறையாது. முன்னே ஒரு பதிலில் சொன்ன உறையும் கொழுப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

சாப்பிடும் முறையும் வேறு. உள்ளங்கையளவு மெல்லிய ரொட்டி ஒன்றைக் கையில் விரித்து, காரக் குழம்பைத் தடவி, ஒரு நீள வெங்காயத்தாளை வைத்து, அதன்மேல் கம்பியை வைக்கிறார்கள். ரொட்டியை மூடி இறுக்கிப் பிடித்து, மறுகையால் கம்பியை உருவுகிறார்கள். கறி முழுதும் ரொட்டிக்குள் தங்கிவிடும். பச்சை வெங்காயத்தாளின் காரம் கொழுப்பை அறுக்கிறது. ஒருமுறை செய்துபார்த்தால் ஏன் அத்தனை கூட்டம் என்பது புரிந்துவிடும்.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டம் இல்லை. கொரோனாக் காலத்தில் அந்த நகரில் தனிமைப்படுத்தப்பட்ட பல்கலைக்கழக மாணவர்களை ஊர்க்காரர்கள் அன்போடு கவனித்து அனுப்பினார்கள் என்றும், அந்த நன்றியில் மறு வசந்தத்தில் திரும்பி வந்த மாணவர்களே அந்தக் கம்பிக்கறியை நாடறியச் செய்தார்கள் என்றும் சொல்கிறார்கள். 2023 மார்ச் மாதக் கடைசியில் ஜினான் நகரிலிருந்து ஸிபோவுக்குக் கம்பிக்கறிக்கென்றே தனி ரயில் விட்டார்கள். அந்த ஆண்டு மே தின விடுமுறையில் தங்க அறை கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். கூட்டம் பிற்பாடு வடிந்துவிட்டது. ஆகவே இப்போது போவது நல்லது.

மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிடுவதில்லை. எப்படித் தவிர்ப்பது?

ஐந்து சொற்களைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். யாங் என்றால் ஆடு, ஜீ என்றால் கோழி, நியோ என்றால் மாடு, ஜூ என்றால் பன்றி. ரோ என்றால் கறி. விலங்கின் பெயர் இல்லாமல் வெறும் ரோ என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது பன்றிதான். சீனத்தில் பொதுவாகக் கறி என்றாலே அதுதான். சாசேஜ் வகைகளிலும் பெரும்பாலும் பன்றிதான் இருக்கும்.

பான்ஜின் என்று ஒன்று எல்லாக் கடையிலும் விற்கும். ஜவ்வுபோல் மெல்ல மெல்ல ருசிக்கும் தசைநார். ஆட்டுடையது என்று எண்ணிக் கேட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் மாட்டுடையது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அடுப்பு ஒன்றுதான். எல்லாக் கறியும் அதே தணலில், அதே தூரிகை எண்ணெயில். அது உங்களுக்கு ஒப்பாதென்றால், ச்சிங்ஜென் என்ற பலகை உள்ள முஸ்லிம் கடைகளுக்குப் போங்கள். பச்சைப் பலகை, பெரும்பாலும் அரபி எழுத்தும் இருக்கும். அங்கே பன்றி உள்ளே வராது, ஆனால் மாடு இருக்கும். ஹலால் தேடுகிறவர்களுக்கும் அதுவே வழி. ஆட்டுக்கறியும் பெரும்பாலும் அங்கேதான் சிறப்பாக இருக்கும்.

சைவர்கள் போகலாமா?

தோழர்களோடு உட்காரப் போகலாம். கண்டிப்பான சைவமாகச் சாப்பிடப் போகக் கூடாது. காய்கறிக் கம்பிகள் ஏராளம்: உருளைக்கிழங்குத் தகடு, பச்சை மிளகாய், காளான், சோளம், பூண்டு மணக்கும் ஒருவகைக் கீரை, கொத்தமல்லித் தழையை உள்ளே வைத்துச் சுருட்டிய சோயாத் தகடு. ஆனால் கறி சுட்ட அதே கம்பி வலைமேல்தான் இவையும் வேகின்றன. சில கடைகளில் ஆட்டுக் கொழுப்பையே எண்ணெயாகப் பூசுகிறார்கள். "வோ ச்சர் சூ", நான் சைவம் என்று சொன்னால் கறியை வைக்க மாட்டார்கள். அடுப்பையோ தூரிகையையோ மாற்றவும் மாட்டார்கள்.

அடுப்புக்கே போகாதவையும் உண்டு. அவித்த வேர்க்கடலையும் பச்சைச் சோயாக் காயும் கலந்த தட்டு, கத்தியின் பட்டையால் நசுக்கிப் பூண்டும் காடியும் விட்ட வெள்ளரிக்காய். சைவ நண்பர் ஒருவர் மூன்று ஆண்டுகள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே எங்களோடு உட்கார்ந்திருந்தார். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் ஹுவாஷெங் என்ற சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

காரம் தாங்குமா?

நமக்குத் தாங்கும். இது சிச்சுவான் காரம் அல்ல. மிளகாயைவிடச் சீரகம்தான் முன்னால் நிற்கும். குழந்தைகளுக்கு "பூ லா", காரம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆட்டுக்கறி என்று தருவது ஆட்டுக்கறிதானா?

நியாயமான கேள்வி. 2013 மே மாதத்தில் சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகமே, மூன்று மாதச் சோதனையில் கலப்பட இறைச்சி தொடர்பாக 904 பேரைப் பிடித்ததாக அறிவித்தது. நரி, மிங்க் என்னும் கீரிபோன்ற விலங்கு, எலி ஆகியவற்றின் கறியை ஜெலட்டினும் சாயமும் சேர்த்து ஆட்டுக்கறியாக விற்ற கும்பலும் அதில் அடக்கம். வாத்துக்கறியில் ஆட்டுக் கொழுப்பைச் சேர்த்துக் கோர்ப்பதும் பழைய தந்திரம். ரயில் நிலையம் ஒன்றின் எதிரே மிகவும் மலிவாகக் கிடைத்ததென்று ஒருமுறை சாப்பிட்டேன். எல்லாத் துண்டும் ஒரே சதுரம், ஒரே நிறம், கடித்தால் நார் இல்லை, பஞ்சுபோல் அமுங்கியது. சீரகத்தை மட்டும் வாரி இறைத்திருந்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே கண்ணால் பாருங்கள். உண்மையான கறியில் துண்டுக்குத் துண்டு வடிவம் மாறும், கொழுப்பு கறியிலிருந்து வேறாகத் தெரியும், கடித்தால் நார் இழுபடும். கோர்ப்பதைக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிறார்களா என்று கவனியுங்கள். மாலை நான்கு ஐந்து மணிக்குப் போனால், ஒரு பாத்திரம் கறியை நடுவில் வைத்துக்கொண்டு வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கோர்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கடையை நம்பலாம். பக்கத்துக் கடையில் பாதி விலை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோழியையும் சிப்பியையும் மட்டும் நன்றாக வெந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். முகம் சுளிக்காமல் மறுபடி அடுப்பில் வைத்துத் தருவார்கள்.

நல்ல சுடுகாரரை எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து நிமிடம் அடுப்பருகே நின்று பாருங்கள். எனக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. இருபது கம்பிகளை ஒரு கைப்பிடியில் விசிறிபோல் பிடித்து, ஒரே வீச்சில் தணல்மேல் பரப்புவார். தீ கிளம்பக் கூடாது. கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் கம்பிகளை ஒரு பக்கம் ஒதுக்கித் தணலைத் தணியவிடுவார். தீயில் கருகிய கறி கசக்கும். பிறகு கம்பிகளை இரண்டு கட்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார், மிகுந்த எண்ணெய் உதிரும். உப்பை முதலில், மிளகாயை நடுவில், சீரகத்தைக் கடைசியில் தூவுவார். சீரகம் முன்னால் விழுந்தால் கருகிவிடும். தூவும்போது பாதிச் சீரகம் கரியில் விழுந்து ஒரு புகை எழும். தெருமுனைவரை வந்து உங்களை இழுத்தது அந்தப் புகைதான்.

குடிக்காதவர் போனால் சங்கடமா?

இல்லை. பியர் இந்தக் கடைகளின் உயிர் என்பது உண்மை. ஷென்யாங்கில் லாவ் ஷுவே என்ற உள்ளூர் பியருக்குக் 'கழுதையைச் சாய்ப்பது' என்றே பட்டப்பெயர். ஆனால் மேசைக்கு ஒருவராவது குளிர்பானத்தோடுதான் இருப்பார். ஷென்யாங்கின் பாவாங்ஸி சோடா, பெய்ஜிங்கின் ஆரஞ்சு சோடா, புளிப்பும் புகைவாசமும் கலந்த சுவான்மேய்தாங் என்னும் பிளம் சாறு ஆகியவை கிடைக்கும். கொழுப்புக் கறிக்கு அந்தப் பிளம் சாறு பியரைவிடப் பொருத்தம் என்பது என் கருத்து.

யாராவது "கான்பேய்" என்று கோப்பையை உயர்த்தினால், உங்கள் கையில் சோடா இருந்தாலும் உயர்த்துங்கள். வயதில் மூத்தவரோடு முட்டும்போது உங்கள் கோப்பையின் விளிம்பு அவருடையதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். அந்தச் சிறு மரியாதையைக் கவனித்து மகிழ்வார்கள். குடிக்க முடியாதென்றால் முதல் கோப்பையிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவதில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இரவில் பெண்கள் போகலாமா?

போகலாம், போகிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். 2022 ஜூன் 10 அதிகாலையில், ஹெபேய் மாகாணத்து டாங்ஷான் நகரில், கம்பிக்கறிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒருவன் தகாதபடி நடந்துகொண்டான். அவள் எதிர்த்ததும் அவனும் அவன் கூட்டாளிகளும் அவளையும் உடனிருந்த பெண்களையும் கொடூரமாகத் தாக்கினார்கள். கேமராக் காட்சி நாடு முழுவதையும் உலுக்கியது. முதன்மைக் குற்றவாளிக்கு அந்தச் செப்டம்பரிலேயே 24 ஆண்டுச் சிறை கிடைத்தது.

அந்தப் பெண்கள் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. சாப்பிட உட்காரும் உரிமை எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் உண்டு. என் அனுபவத்தில் இரவு பதினொன்றுவரை குடும்பங்களும் மாணவர்களும்தான் நிறைந்திருப்பார்கள். நள்ளிரவுக்குப்பின் குடித்தவர்கள் பங்கு கூடும். நான்கைந்து பேராகப் போங்கள். காவல்துறை எண் 110.

வெளியே உட்காரலாமா, உள்ளேயா?

கோடையில் வெளியே, சந்தேகமே இல்லை. தாழ்ந்த மேசை, மடக்கு முக்காலி, ஒன்பது மணிக்கும் லேசாக வீசும் காற்று. ஆனால் எல்லா ஊரிலும் இது கிடைக்காது. காற்று மாசைக் குறைக்க, பெய்ஜிங்கில் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் திறந்தவெளிச் சுடுதலைக் கட்டுப்படுத்துகின்றன. அங்கே சுடுவது உள்ளே நடக்கும், புகை குழாய் வழியாகப் போகும்.

குளிர்காலத்தில் ஷென்யாங் உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இறங்கும். அப்போது கதவு சன்னல் எல்லாம் மூடிய அறையில் மேசைக் கரியடுப்பு எரியும். தலைக்குமேல் புகைக்குழாய் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலை கனத்தாலோ குமட்டினாலோ அது பியரால் என்று விட்டுவிடாமல் உடனே வெளியே வந்து மூச்சு விடுங்கள். கரியின் நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது. எரிவாயு அடுப்புள்ள கடையில் வாயு நெடி அடித்தால் கணக்கைக்கூட முடிக்காமல் வெளியேறுங்கள். 2023 ஜூன் 21 அன்று நிங்ஷியாவின் யின்ச்சுவான் நகரில் கம்பிக்கறிக் கடை ஒன்றில் எரிவாயு வெடித்து 31 பேர் இறந்தார்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது?

அலிபே, வீசாட் இரண்டில் ஒன்று கைப்பேசியில் இருந்தால் போதும். வெளிநாட்டு வங்கி அட்டைகளையும் அவற்றில் இணைக்கலாம். பல கடைகளில் மேசையிலுள்ள கியூஆர் குறியீட்டுக் கட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்தே ஆர்டர் செய்யலாம். பட்டியலில் படங்கள் இருக்கும், மொழி தெரியாதவருக்குப் பெரிய வசதி. பணத்தாளும் வாங்குவார்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள்.

சீன நண்பர் அழைத்துப் போனால் அவர்தான் கொடுப்பார். நீங்கள் கொடுக்க முயல வேண்டும், அவர் தடுக்க வேண்டும், இது சடங்கு. அடுத்த முறை நீங்கள் அழையுங்கள்.

அந்தப் பழுப்பு நிறப் புழு என்ன? சாப்பிட வேண்டுமா?

பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழு. வடகிழக்கில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஓடு மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய்போலவும் இருக்கும். கட்டாயம் எதுவும் இல்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் தொடவே வேண்டாம்.

மீந்ததைக் கட்டிக்கொண்டு போகலாமா?

"தாபாவ்" என்று சொன்னால் கட்டிக் கொடுப்பார்கள். கோழி எலும்புக்கூடு மறுநாளும் நன்றாக இருக்கும், மான்தோவைத் தோசைக்கல்லில் சூடுபண்ணிக்கொள்ளலாம். ஆட்டுக்கறிக் கம்பியை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். கடைசிச் சுற்றுக்குப் பத்து என்று சொல்ல வாய் வரும்போது ஐந்து என்று சொல்லுங்கள். போதாவிட்டால் இன்னும் ஐந்து சுட அவருக்கு நாலு நிமிடம்தான் ஆகும்.